மீன் வெட்டும் மேசைக்குக் கிருமிநீக்கி: பென்சால்கோனியம் குளோரைடைக் கையாளும் முறை

குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் சின்னமுட்டத்திலும் கரையிறங்கும் மீனை வாங்கி, வெட்டிக் கொடுக்கும் சிறு கடை வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். பென்சால்கோனியம் குளோரைடு ஒரு நான்கிணைய அம்மோனியம் உப்பு. இதில் நைட்ரஜன் அணுவுடன் நான்கு கார்பன் தொகுதிகள் பிணைந்திருப்பதால், கரைசல் அமிலமாக இருந்தாலும் காரமாக இருந்தாலும் அதன் நேர்மின்சுமை மாறுவதில்லை. பாக்டீரியாவின் புறப்பரப்பு எதிர்மின்சுமை உடையது. எனவே இந்த உப்பின் நேர்மின்சுமை கொண்ட துகளான அயனி அங்கே ஒட்டிக்கொள்ள, அதன் நீண்ட கார்பன் சங்கிலி சவ்வுக்குள் புகுந்து அதைக் குலைக்கிறது. உள்ளிருப்பவை கசிந்து கிருமி மடிகிறது. இந்தக் கிருமிக்கொல்லித் தன்மையை 1935-இல் வெளியிட்டவர் ஜெர்மானிய அறிவியலாளர் கெர்ஹார்ட் டோமாக்.

முதற்படி, செதிலையும் இரத்தத்தையும் சுரண்டி நீக்கிவிட்டு, மேசையைச் சோப்பால் தேய்த்துக் கழுவுவது. கறை எஞ்சியிருந்தால் மருந்து அதிலேயே செலவழிந்துவிடும்.

இரண்டாம் படியைத்தான் பலரும் பொருட்படுத்துவதில்லை. என் கணிப்பில் முழு வேலையின் வெற்றியும் இதில்தான் இருக்கிறது. நுரை துளியும் இல்லாதவாறு மேசையை அலச வேண்டும். சோப்பின் அயனி எதிர்மின்சுமை கொண்டது; நேர்மின்சுமை கொண்ட மருந்துடன் அது இணைந்தால் இரண்டுமே செயலிழக்கும். ஐயமிருந்தால், தெளிவான சோப்புக் கரைசலில் மருந்தைச் சில சொட்டுகள் விட்டுப் பாருங்கள். கரைசல் கலங்குவதைக் கண்ணாலேயே காணலாம். தலைக்கு ஷாம்பு போட்டு நன்றாக அலசிய பிறகே கண்டிஷனர் பூசச் சொல்வதற்கும் இதுவே காரணம், ஏனெனில் அதிலும் பெரும்பாலும் இதே வகை உப்பு இருக்கிறது.

மூன்றாவதாகக் கரைசலைத் தயாரிக்க வேண்டும். உணவு படும் பரப்புக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 10 லிட்டருக்கு 2 கிராம் தேவை. 50 சதவீதத் திரவத்தில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 50 கிராம் இருப்பதால், 4 மில்லிலிட்டர் போதும். ஊசி கழற்றிய சிரிஞ்சால் அளந்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, மருந்தை நீரில் விடுங்கள். கடின நீர் மருந்தின் ஆற்றலைக் குறைக்கும் என்பதால், கடலோரக் கிணற்றின் உப்புத் தண்ணீரைத் தவிர்த்து நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள். பிளீச்சிங் பவுடரை இதனுடன் ஒருபோதும் கலக்கக் கூடாது.

பிறகு மேசை முழுவதும் நனையத் தெளித்து, புட்டியில் குறித்துள்ள நேரம்வரை ஈரம் காயாமல் விட்டுவையுங்கள். பருத்தித் துணியை வாளியில் ஊறப்போட்டுத் துடைத்தால், துணியே மருந்தை உறிஞ்சிக்கொண்டு கரைசலின் செறிவைக் குறைத்துவிடும், தெளிப்பான் சிறந்தது. மீன் படும் இடமாதலால், முடிவில் குடிநீரால் அலசிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

பாக்டீரியாவின் வித்துகளை, அதாவது சில பாக்டீரியாக்கள் தடித்த உறைக்குள் உறங்கும் நிலையை, இந்த உப்பு அழிக்காது. வெளியே கொழுப்புறை இல்லாத (உறையற்ற) வைரசுகளிடமும் இதன் ஆற்றல் குறைவு. மீன், இறால் போன்ற நீர்வாழ் உயிர்களுக்கு இது நஞ்சு என்பதால், அன்றைய தேவைக்கு மட்டும் கலக்குங்கள். மிஞ்சியதைக் குளத்திலோ கால்வாயிலோ கடலிலோ ஊற்றாதீர்கள்.