பாக்கெட் ஒன்றுக்கு 67 நானோ நொடி: லினக்ஸ் கெர்னலில் ஹெடர் வேலையைக் குறைப்பது எப்படி

நெட்வொர்க்கில் வரும் ஒவ்வொரு பாக்கெட்டின் முன்பகுதியிலும் முகவரி முதலிய விவரங்களைத் தாங்கி நிற்பது ஹெடர். லினக்ஸின் மையமான கெர்னல் அதைப் படிக்கும் வேலையைக் குறைப்பது பற்றித்தான் இங்கே பேசுகிறேன். முதலில் ஒரு கணக்கு. 10 கிகாபிட் ஈதர்நெட்டில் ஆகச் சிறிய ஃபிரேம் (கம்பியில் போகும் பாக்கெட்) 64 பைட். முன்னால் 8 பைட் பிரியாம்பிள், பின்னால் 12 பைட் இடைவெளி; கம்பியில் மொத்தம் 84 பைட். நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட் வரை வரலாம். ஒவ்வொன்றுக்கும் நமக்குக் கிடைப்பது 67.2 நானோ நொடி, அதாவது 3 கிகாஹெர்ட்ஸ் கோரில் சுமார் 200 சைக்கிள் (ப்ராசசரின் கடிகாரத் துடிப்பு). கேஷில் (ப்ராசசருக்குப் பக்கத்திலுள்ள சிறிய, வேகமான நினைவகம்) இல்லாத ஒரே ஒரு முகவரியை ரேமிலிருந்து எடுத்து வருவதற்கே இதில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் எழுதும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் வந்து, "இந்த ஹெடர் பார்சரில் எந்த வரியை வெட்டலாம்?" என்று கேட்பார்கள். நான் வரியை எண்ணுவதில்லை. இந்த பாக்கெட்டுக்காக எத்தனை கேஷ் லைனை (கேஷ் ஒரே தடவையில் எடுத்து வரும் துண்டு) தொட்டோம், ஒரே லைனை எத்தனை தடவை போய்த் தொட்டோம் என்றுதான் எண்ணுவேன். கீழே இருப்பதெல்லாம் அந்த எண்ணிக்கையைக் குறைக்கும் வழிகள்.

கை வைப்பதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். இன்னொரு மெஷினில் பாக்கெட்டைக் கொட்டும் பிகேடிஜென் ஓடவிட்டு, இந்தப் பக்கம் ஒரே க்யூ, ஒரே கோர் என்று கட்டிவையுங்கள். அளவுக் கருவியான பர்ஃப் ஸ்டாட் தரும் சைக்கிள் எண்ணிக்கையை, கார்டின் கணக்கைச் சொல்லும் ஈத்டூல் காட்டும் பாக்கெட் எண்ணிக்கையால் வகுத்தால் பாக்கெட்டுக்கு எத்தனை சைக்கிள் என்பது கைக்கு வந்துவிடும். அந்த ஒரு எண்ணை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுவது என் வழக்கம்.

ஒருமுறை அந்த எண் முந்தைய நாளைவிட மோசமாக வந்தது. அரை நாள் கோடைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பார்த்தால், முந்தின நாள் ஸ்கிரீன் செஷனில் நானே திறந்துவைத்த, பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்கும் டிசிபிடம்ப் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஃபில்டர் போட்டிருந்தேன், ஒரு பாக்கெட்டும் அதில் சிக்கவில்லை. ஆனால் சிக்காத பாக்கெட்டும் அந்த ஃபில்டர் வரை போய்த்தானே திரும்புகிறது! அதிலிருந்து ப்ராக் அடைவில் நெட் என்பதன் கீழே உள்ள பிடைப் ஃபைலைப் பார்க்காமல் நான் அளப்பதில்லை. டைப் என்ற இடத்தில் 'ஆல்' என்று ஒரு வரி தெரிந்தால் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அர்த்தம். ஐபி முகவரி கேட்டு வாங்கும் சில டிஹெச்சிபி கிளையண்டுகளும் இந்தப் பட்டியலில் தலைகாட்டும்.

இப்போது ஹெடரைப் பைட் பைட்டாகப் பார்ப்போம். ஈதர்நெட் 14, ஐபி 20, டிசிபி 20. மொத்தம் 54. எக்ஸ்86-ல் கேஷ் லைன் 64 பைட். பாக்கெட்டை வைக்கும் பஃபர் ஒரு லைனின் தொடக்கத்தில் ஆரம்பித்தால் மூன்று ஹெடரும் ஒரே லைனில் அடங்கும். ஆனால் இன்றைய டிசிபி இணைப்புகளில் பெரும்பாலும் டைம்ஸ்டாம்ப் (நேரக்குறி) ஆப்ஷன் இருக்கும். அது 10 பைட், முன்னால் நிரப்ப 2 நாப் (வெற்று பைட்), ஆக 12. கூட்டினால் 66. இரண்டே இரண்டு பைட் அடுத்த லைனில் விழுகிறது. அதுவும் எதிர்முனை திருப்பி அனுப்பும் டைம்ஸ்டாம்பின் கடைசிப் பாதி! கெர்னலின் நெட் ப்ரீஃபெட்ச் (லைனைத் தேவைப்படும் முன்பே கேஷுக்கு வரவழைப்பது) என்ற சிறிய ஃபங்ஷன், லைன் 128 பைட்டுக்குக் குறைவான மெஷின்களில் இரண்டு லைனைச் சேர்த்தே கேட்பது இங்கே கைகொடுக்கிறது.

ஆகவே உங்கள் டிரைவரில் டிஸ்கிரிப்டரை (வந்த பாக்கெட்டைப் பற்றிக் கார்டு எழுதும் குறிப்பு) படித்த உடனேயே ப்ரீஃபெட்சைக் கொடுத்துவிடுங்கள். நீளம் சரிபார்ப்பது, புள்ளிவிவரம் ஏற்றுவது போன்ற வேலைகளை அதற்குப் பிறகு வையுங்கள். இவை முடிவதற்குள் ஹெடர் வந்து சேர்ந்திருக்கும். ப்ரீஃபெட்சைக் கொடுத்துவிட்டு அடுத்த வரியிலேயே ஹெடரைத் தொட்டால் ஒரு பயனும் இல்லை. ஒரே கம்பியில் தனித்தனி நெட்வொர்க்குகளைப் பிரித்துக் காட்டும் விஎல்ஏஎன் டேகைக் கார்டே உரித்துக் கொடுக்கும் வசதியையும் அணைக்காதீர்கள். அணைத்தால் இன்னும் 4 பைட் தள்ளிப்போகும். இன்டெலின் டிடிஐஓ உள்ள ஜியான் மெஷின்களில் கார்டு நேராகக் கடைசி நிலைக் கேஷிலேயே எழுதிவிடுவதால் காத்திருப்பின் அடி கொஞ்சம் லேசாக விழும், ஆனால் விழாமல் இராது.

அடுத்து, ஒவ்வொரு ஃபீல்டாக ஒப்பிடாமல் வார்த்தை வார்த்தையாக (பல பிட் சேர்ந்த துண்டாக) ஒப்பிடுங்கள். இந்த வித்தையை டிசிபியைச் செப்பனிட்ட ஆராய்ச்சியாளர் வான் ஜேக்கப்சனிடமிருந்துதான் எல்லோரும் கற்றோம். டிசிபி ஹெடரின் நான்காவது 32 பிட்டில் ஹெடர் நீளம், கொடிகள், விண்டோ எல்லாம் இருக்கின்றன. அடுத்த பாக்கெட்டில் இது எப்படி இருக்கும் என்பதை லினக்ஸ் முன்கூட்டியே கணித்துச் சாக்கெட்டில் (அந்த இணைப்புக்கான பதிவு) வைத்திருக்கும். வந்ததை அதோடு ஒரே ஒப்பீட்டில் பார்த்து, சீக்வென்ஸ் எண்ணும் சரியென்றால் குறுக்கு வழியில் அனுப்பிவிடும். டைம்ஸ்டாம்ப் ஆப்ஷனும் அப்படித்தான்: முதல் நான்கு பைட் 1, 1, 8, 10 என்று இருக்கிறதா என்பது ஒரே 32 பிட் ஒப்பீடு. இருந்தால் ஆப்ஷன் லூப்புக்குள் நுழைய வேண்டியதே இல்லை. ஐபி ஹெடரின் முதல் பைட்டும் நல்ல உதாரணம். அது 69 என்றால் பதிப்பு 4, நீளம் 20 பைட், ஆப்ஷன் இல்லை. மூன்று கேள்விக்கும் ஒரே பதில். பாக்கெட்டுகளை ஒன்றுசேர்க்கும் கெர்னல் வசதியான ஜிஆர்ஓ-வின் ஐபி பகுதி இதைத்தான் செய்கிறது.

செக்சம் (பிழை கண்டுபிடிக்க உதவும் கூட்டுத்தொகை) விஷயத்தில் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறவர்கள் அதிகம். டிடிஎல்-ஐ (பாக்கெட் இன்னும் எத்தனை ரௌட்டர் தாண்டலாம் என்ற எண்) ஒன்று குறைத்துவிட்டு 20 பைட்டையும் மறுபடி கூட்டத் தேவையில்லை. டிடிஎல் தன் 16 பிட் வார்த்தையின் மேல் பைட்டில் இருக்கிறது. ஒன்று குறைந்தால் வார்த்தையில் 256 குறையும், செக்சம் 256 ஏறும், மிஞ்சும் கேரியைக் கீழே சேர்த்தால் முடிந்தது. நேட் (முகவரி மாற்றம்) செய்யும்போதும் பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சேருங்கள். 1994-ல் வந்த இணைய ஆவணமான ஆர்எஃப்சி 1624-ஐப் படித்துவிட்டு எழுதுங்கள். அதற்கு முந்தைய 1141-ல் இருந்த சூத்திரத்தில் ஒரு ஓரப் பிழை உண்டு, அதைத் திருத்தத்தான் இது வந்தது.

இனி நான் சூடு கண்ட இடம். ஹெடர் முழுக்க எஸ்கேபி-யின் (கெர்னல் பாக்கெட்டை வைத்திருக்கும் ஸ்ட்ரக்சர்) லீனியர் பகுதியில், அதாவது நேராகத் தொடக்கூடிய தொடர் நினைவகத்தில், இருக்கும் என்று நம்பக் கூடாது. அதற்குத்தான் பிஎஸ்கேபி மே புல் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. இது இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காது. இல்லையென்றால் நினைவகப் பக்கங்களிலிருந்து (பேஜ்) இழுத்து வந்து வைக்கும். வைக்க இடமில்லையென்றால் பஃபரையே மாற்றிவிடும். நான் ஐபி பாயிண்டரை வாங்கிவைத்துக்கொண்டு, டிசிபிக்கு இன்னொரு புல் (இழுப்பு) செய்துவிட்டு, பழைய பாயிண்டரிலேயே மூலமுகவரியைப் படித்தேன். மாதக்கணக்கில் ஓடியது. கார்டை மாற்றிய அன்று இல்லாத ஊர் முகவரியெல்லாம் லாகில் வந்தது. ஐபி, டிசிபி இரண்டுக்கும் சேர்த்து 40 பைட்டை ஒரே தடவை கேளுங்கள். ஆப்ஷன் இருப்பதாக நீளம் சொன்னால் மட்டும் மறுபடி கேளுங்கள். கேட்ட பிறகு பாயிண்டர்களைப் புதிதாக எடுங்கள். வேகமும் கூடும், தூக்கமும் வரும்.

தொடவே வேண்டாத பாக்கெட்டும் உண்டு. தூக்கிப் போடுவதுதான் வேலையென்றால், எஸ்கேபி உருவாவதற்கு முன்பே எக்ஸ்டிபி-யில் (டிரைவர் மட்டத்திலேயே ஓடும் சிறு புரோகிராம்) தூக்கிப் போடுங்கள், 4.8 கெர்னலிலிருந்து இருக்கிறது. பெரிய டிசிபி ஓட்டங்களுக்கு ஜிஆர்ஓ போதும்: பல பாக்கெட்டை ஒன்றாக்கி, மேலே ஒரே ஹெடராக அனுப்பும். ஆனால் சின்னச் சின்ன டிஎன்எஸ் பாக்கெட்டுகளுக்கு அதனால் பெரிய லாபமில்லை. 2018-ல் ஸ்பெக்டர் என்ற ப்ராசசர் ஓட்டைக்குத் தடுப்புகள் வந்தபின் ஃபங்ஷன் பாயிண்டர் வழியாக அழைப்பது விலையேறிவிட்டது. உங்கள் ஹெடர் கையாளும் அட்டவணையில் பெரும்பாலும் வருவது இரண்டே இரண்டு என்றால், அந்த இரண்டையும் நேராக ஒப்பிட்டு அழைத்துவிடுங்கள்.

உங்கள் சொந்த ஸ்ட்ரக்சரையும், அதன் உள்ளமைப்பைக் காட்டும் கருவியான பாஹோலில் போட்டுப் பாருங்கள். பாக்கெட்டுக்குப் பாக்கெட் படிக்கும் ஃபீல்டுகளை ஒரு லைனிலும், எழுதும் கவுண்டர்களை வேறு லைனிலும் வையுங்கள்.

எந்த வரியில் நேரம் போகிறது என்று காட்டும் பர்ஃப் அனோடேட் பார்க்கும்போது ஒன்று. ஏதோ ஒரு அப்பாவி ஒப்பீட்டின் மேல் 30 சதவீதம் என்று காட்டும். அதை மாற்றி எழுத உட்காராதீர்கள். அதற்கு முந்தைய வரியில் ஒரு லோடு (நினைவகத்திலிருந்து படிக்கும் கட்டளை) இருக்கும். காத்திருப்பு அங்கே, பழி இங்கே.