தேயிலைத் தோட்டத்துக் காட்டுத்துண்டை மீட்பது எப்படி?

வால்பாறையில் தேயிலைக்கு நடுவே தப்பிப் பிழைத்த மழைக்காட்டுத் துண்டுகள் பலவும் தோட்ட நிறுவனங்களின் கையில்தான் இருக்கின்றன. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் மட்டும் சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கும் இருவாட்சிப் பறவையும் அடங்கி வாழ்வதில்லை. ஆகவே அவற்றின் வாழ்வில் பெரும்பங்கு தோட்ட மேலாளரின் முடிவைப் பொறுத்தது.

முதலில் பணம். கன்று நடுவது சின்ன வேலை. களை எடுப்பதுதான் பெரிய செலவு. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ன் கீழ் வரும் சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) தொகையைப் பயன்படுத்தினால், தொடர் திட்டமாகப் பதியுங்கள். தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மேலும் மூன்று ஆண்டுகள் வரை செலவிடலாம். ஒரே ஆண்டில் முடித்த திட்டங்களில் கன்றுகளை மறுவருடமே களை மூடிவிடுகிறது. தேயிலைக்கு நிழலுக்காக வைக்கும் மரம் வழக்கமான தொழில் செலவு. அதை இந்தக் கணக்கில் எழுதக் கூடாது.

நவம்பர் முதல் மார்ச் வரை களை நீக்குங்கள். கத்தி எடுப்பதற்கு முன், மரம் அடையாளம் தெரிந்த ஒருவர் புதருக்குள் புகுந்து, தானாக முளைத்திருக்கும் காட்டு மரக்கன்று ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்ட வேண்டும். இதைச் செய்யாத இடங்களில், காசில்லாமல் கிடைத்த கன்றுகளையே களையோடு வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். உண்ணிச்செடியைத் தரைமட்டத்தில் வெட்டினால் அடுத்த மழைக்கே தூரிலிருந்து துளிர்க்கும். தூரைச் சுற்றி மண்ணைப் பறித்து, ஆணிவேரை மண்ணுக்குக் கீழ் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் துண்டித்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். தண்டு ஈரமண்ணைத் தொட்டுக் கிடந்தால் கணுவில் வேர்விடும். மேலே நிழல் தரும் பழைய காப்பியையும் அயல் மரங்களையும் ஒரேயடியாகச் சாய்க்க வேண்டாம். வெயில் விழுந்தால் களை இரட்டிப்பாகும். களைக்கொல்லி இங்கே வேண்டவே வேண்டாம், ஓடைக்கரையில் இரு பக்கமும் 10 மீட்டருக்கு எந்த மருந்தும் கூடாது.

விதையைச் சாலையோரத்தில் உதிர்ந்தவற்றிலிருந்து பொறுக்குங்கள். காட்டுக்குள் விழுவது காட்டுக்கே. வெடிப்பலா, நாங்கு போன்றவற்றின் விதையைக் காயவைத்தால் முளைப்பு செத்துவிடும். ஒரு வாரத்துக்குள் ஊன்றிவிடுங்கள். கருங்குங்கிலியத்தின் கொட்டை கெட்டி, முளைக்க மாதக்கணக்கில் ஆகலாம். முளைக்கவில்லை என்று பாத்தியைக் கலைத்துவிடாதீர்கள். நாற்று 50 செ.மீ. உயரம் வர ஒன்றிரண்டு ஆண்டு பிடிக்கும். நடுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நிழல்வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பழக்குங்கள்.

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 என்று நாள் குறித்து நடாதீர்கள். தென்மேற்குப் பருவமழை பிடித்து, மண் ஒரு முழம் ஆழம் நனைந்த பிறகு நடுங்கள். குழி நீள, அகல, ஆழம் 30 செ.மீ. பையை முழுதாகக் கிழித்து எடுங்கள். அடியில் சுருண்ட வேரை நறுக்குங்கள், இல்லையென்றால் மரம் வளர்ந்த பிறகு காற்றில் சாயும். திறந்த இடத்தில் 2 மீட்டர் இடைவெளி, அதாவது ஹெக்டேருக்குச் சுமார் 2,500 கன்று. அங்கே வட்டக்கண்ணி போன்ற வெயில் தாங்கும் இனங்கள். நாங்கு, காட்டு ஜாதிக்காய் எல்லாம் நிழலுக்கடியில் மட்டும். சில்வர் ஓக், யூகலிப்டஸ் ஒன்றுகூட வேண்டாம். மலையுச்சியின் இயற்கைப் புல்வெளியில் எந்த மரமும் நடக் கூடாது. அதுவும் தனி வாழிடம்.

முதல் மூன்று ஆண்டு, வருடத்துக்கு மூன்று முறை, கன்றைச் சுற்றி அரை மீட்டர் களையெடுங்கள். பத்தில் ஒரு கன்றுக்கு எண் பட்டை கட்டி, ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் உயரம் அளந்து எழுதுங்கள். எந்த இனம் எங்கே சாகிறது என்பது அப்போதுதான் தெரியும். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட பெரிய நிறுவனங்கள், சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி தரும் பிஆர்எஸ்ஆர் (வணிகப் பொறுப்பு, நீடித்ததன்மை) அறிக்கையிலும் இந்தக் கணக்கையே வையுங்கள்.

காட்டுத்துண்டைச் சாலை பிளந்தால் மரங்கள் கோத்துக்கொள்ளும்வரை சோலைமந்தி தரையில் இறங்கித்தான் கடக்கும், வண்டியில் அடிபடும். வனத்துறை, நெடுஞ்சாலைத்துறை அனுமதியோடு கயிற்றுப் பாலம் கட்டலாம். குரங்குகள் ஏற்கெனவே கடக்கும் இடத்தை இரண்டு மாதம் பார்த்துக் குறித்துவிட்டு அங்கேயே கட்டுங்கள். மின்கம்பி பக்கத்தில் வேண்டாம். மழைக்கு முன் ஒவ்வொரு முடிச்சையும் ஆள் ஏறிச் சோதிக்க வேண்டும்.