அறுபது பேர் வகுப்பு, ஆசிரியர் கையில் ஒரு போன்

தொண்டி, மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று இந்த ராமநாதபுரம் கடலோரத்தில் ஐம்பது, அறுபது பேரை ஒரே அறையில் வைத்துத் தமிழோ ஆங்கிலமோ நடத்தும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறோம். கணக்கு எளிது. பாடவேளை 45 நிமிடம், பிள்ளைகள் 60 பேர். நீங்கள் வாயே திறக்காமல் இருந்தாலும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 45 வினாடி. வழக்கமாக முன் பெஞ்சில் நாலைந்து பேர் விடை சொல்வார்கள், மற்றவர்கள் சேர்ந்து குரல் கொடுப்பார்கள், வகுப்புக்கே புரிந்துவிட்டது போலத் தோன்றும்.

அதனால் பெரிய வகுப்பில் கருவியை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. வீடியோ காட்டுவதற்கு இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் விடையையும் சேகரிப்பதற்கு. பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது, எல்லா நாளும் ஹைடெக் லேப் என்னும் கணினி அறை கிடைக்காது என்ற நிலையில் ஆசிரியரின் ஒரு போன், ஒரு ஸ்பீக்கர், கொஞ்சம் அட்டை இவை போதும்.

முதலில் ஒலி

போனின் சொந்த ஸ்பீக்கர் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. 10 முதல் 20 வாட் வரையுள்ள ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்குங்கள். வாங்கும்போது ஆக்ஸ் கேபிள் செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ப்ளூடூத் இணைய மறுக்கும் நாளில் கேபிள்தான் கைகொடுக்கும். ஸ்பீக்கரை ஆசிரியர் மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினால் முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்குச் சொல் விளங்காது. அறையின் நடுப்பகுதியில், பக்கச் சுவரை ஒட்டி, உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காது உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். ஒலிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு மின்விசிறியை நிறுத்துங்கள். கடல் பக்கத்து ஜன்னலையும் சாத்துங்கள்.

பலருக்கும் பிடிபடாத கோளாறு ஒன்று உண்டு. ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒலி இல்லாதபோது அரைத்தூக்கத்தில் இருக்கும். ஒலி வந்ததும் விழித்துக்கொள்ள அரை வினாடி ஆகும். அதற்குள் முதல் சொல் போய்விடும். 'சூறைக்காற்று வீசக்கூடும்' என்று தொடங்கும் பதிவு 'காற்று வீசக்கூடும்' என்று கேட்கும். பதிவின் தொடக்கத்தில் மேசையைப் பேனாவால் இரண்டு முறை தட்டி, இரண்டு வினாடி விட்டுப் பேசத் தொடங்குங்கள்.

கேட்டல் பயிற்சிக்கு ஒலித்துண்டு 40 முதல் 60 வினாடி வரை இருந்தால் போதும். மூன்று முறை ஒலிக்கவிடுங்கள். முதல் முறை பேனா கீழே இருக்கட்டும். இரண்டாம் முறை வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி எழுதவிடுங்கள். மூன்றாம் முறை நிறுத்தாமல் ஓடட்டும், திருத்திக்கொள்வார்கள். துண்டை நீங்களே பேசிப் பதிவு செய்யலாம். பாம்பனிலிருந்து மீனவர்களுக்காக ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியைக் கேட்டால் எந்த வேகத்தில், எந்தச் சொல்லில் பேசலாம் என்பது விளங்கும். 'பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது' என்று தொடங்கும் அறிவிப்பு இங்குள்ள பிள்ளைகளுக்கு நல்ல பாடப்பொருள். பொருள் தெரிந்தது என்பதால் கவனம் முழுவதும் மொழிமேல் நிற்கும்.

ஆனால் கேட்காமலே விடை சொல்லக்கூடிய வினா வைக்காதீர்கள். 'தனுஷ்கோடியைப் புயல் தாக்கிய ஆண்டு எது?' என்றால் பாதிப் பேர் பதிவைக் கேட்காமலே 1964 என்பார்கள். காற்றின் வேகம், யாருக்கு எச்சரிக்கை, எந்த நேரம் வரை என்று அந்தப் பதிவில் மட்டுமே இருப்பதைக் கேளுங்கள்.

ஒரே நேரத்தில் அறுபது விடை

இதற்குப் பிளிக்கர்ஸ் என்ற செயலி உதவும். பிள்ளைக்கு ஆளுக்கொரு காகித அட்டை. அதில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். நான்கு விளிம்பிலும் ஏ, பி, சி, டி என்று சிறிய எழுத்து. தன் விடை மேற்பக்கம் வரும்படி பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்கும். நீங்கள் போன் கேமராவை அறை முழுவதும் மெதுவாக ஓட்டினால் யார் என்ன விடை சொன்னார் என்று திரையில் வரும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துத் திருப்புவதால் பயன் இல்லை.

வழக்கமான தொகுப்பில் 40 அட்டைகள், விரிவாக்கிய தொகுப்பில் 63. அறுபது பேருக்கு 63 அட்டைத் தொகுப்பையே அச்சிடுங்கள். அதற்கும் மேல் இருந்தால் இருவருக்கு ஓர் அட்டை. அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு வரிசை எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அட்டை கொடுப்பதிலேயே பத்து நிமிடம் போகும். தமிழ்ப் பாடநூலில் விடைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று போடுவதால், ஆங்கில எழுத்துக்கு அருகில் விளிம்பில் பேனாவால் அதை எழுதிவிடுங்கள். கட்டங்களின் மேல் எழுதினால் கேமரா படிக்காது.

சரியாகப் படிக்காமல் போவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. விரல் கட்டத்தை மறைப்பது முதலாவது. விளிம்பை மட்டும் பிடிக்கப் பழக்குங்கள். பளபளப்பான லேமினேஷன் இரண்டாவது. ஜன்னல் வெளிச்சம் பட்டு அட்டை வெள்ளையாகத் தெரியும். லேமினேட் செய்யாமல் பழைய நோட்டு அட்டையில் ஒட்டுவதே நல்லது. முன்னால் இருப்பவர் மறைப்பது மூன்றாவது. முன்வரிசை நெஞ்சுக்கு நேரேயும் பின்வரிசை தலைக்கு மேலேயும் பிடிக்க வேண்டும்.

வினாவின் தரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எழுத்துப்பிழை நீக்க ஒரு தொகுப்பு: 'சூரை' என்று ஒலிக்கவிட்டு, மீனா, காற்றா என்று கேளுங்கள். 'பாரை' மீன், 'பாறை' கல். 'வாளை' வலையில் வரும், 'வாழை' கொல்லையில் நிற்கும். 'கரை' கடற்கரை, 'கறை' சட்டையில் படிவது. இந்த மீன்களை எல்லாம் கையால் தொட்டுப் பழகிய பிள்ளைகள், எழுதும்போது மட்டும் தடுமாறுவார்கள். ஆங்கில ஆசிரியர்கள் இதே முறையில் 'ஷிப்', 'ஷீப்' போன்ற குறில் நெடில் இணைகளைக் கேட்கலாம். ஒரு பாடவேளைக்கு நான்கு வினா போதும்.

விடை வந்ததும் சரியான விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய ஒரு வழி பெரிய வகுப்புக்கு அப்படியே பொருந்தும். சரியாகச் சொன்னவர்கள் 30 விழுக்காட்டுக்கும் குறைவு என்றால் பாடத்தைத் திரும்ப நடத்துங்கள். 70 விழுக்காட்டுக்கு மேல் என்றால் சிறு விளக்கத்தோடு அடுத்ததற்குப் போங்கள். இடையில் என்றால் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசவிட்டு மறுபடியும் அட்டை தூக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் முப்பது வாய்கள் ஒரே நேரத்தில் மொழியைப் பற்றிப் பேசுகின்றன. சத்தம் வரும், வரட்டும்.

செயலிக்கு இணையம் வேண்டும். ராமேஸ்வரம் தீவின் கிழக்குக் கோடியில் போன் சில நேரம் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள். சிக்னலே இல்லாத அறையில் நான்கு நிற வண்ணத்தாள் போதும். நான்கு துண்டையும் ஆளுக்கு ஒரு தொகுப்பாகக் கொடுத்து, 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்லி ஒரே நேரத்தில் தூக்கச் சொல்லி, நாற்காலிமேல் ஏறி ஒரு படம் எடுங்கள். ஓய்வறையில் பெரிதாக்கிப் பார்த்து எண்ணலாம். யார் எந்த இடத்தில் என்பது இருக்கை வரைபடத்தில் இருக்குமே.

பேச்சைப் பதிவு செய்வது

இதுதான் அதிக உழைப்பு, அதிகப் பலன். அறுபது பேரை ஐந்து பேர் கொண்ட பன்னிரண்டு குழுக்களாகப் பிரியுங்கள். நாளுக்கு இரண்டு குழுக்கள். ஆளுக்கு 30 வினாடி. குழுவுக்கு நான்கு நிமிடம், ஆக எட்டு நிமிடத்தில் அன்றைய பதிவு முடிந்துவிடும். ஆறு பள்ளி நாளில் எல்லோரும் ஒரு சுற்று பேசியிருப்பார்கள். அந்த எட்டு நிமிடமும் மற்றவர்களுக்கு எழுத்துவேலை கொடுத்திருக்க வேண்டும், அதைக் கரும்பலகையில் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவில் வகுப்பின் இரைச்சல்தான் இருக்கும்.

பதிவுக்குத் தாழ்வாரத்தில் காற்று மறையும் சுவரோரத்தைத் தேர்ந்தெடுங்கள். காற்று மைக்கில் மோதினால் 'தடதட' என்ற ஒலி சொல்லை விழுங்கிவிடும். மைக் துளையின்மேல் கைக்குட்டையை ஒற்றை மடிப்பாகச் சுற்றினால் பெரும்பகுதி குறையும். வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி. போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும். சட்டையில் மாட்டும் காலர் மைக் வாங்கினால், போனில் செருகும் அதன் முனையில் மூன்று கறுப்பு வளையம் இருக்க வேண்டும். இரண்டு வளையம் உள்ளது கேமராவுக்கானது. போன் அதை மைக்காக ஏற்காமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். காலர் மைக்கை நகத்தால் தட்டுங்கள். திரையில் அலை எழாவிட்டால் அது வேலை செய்யவில்லை.

ஒவ்வொருவரும் முதலில் தன் வரிசை எண்ணைச் சொல்லிவிட்டுப் பேசட்டும். கோப்புக்குப் பெயர் வகுப்பு, குழு, தேதி: '9ஆ குழு 3 ஜூலை 15'. இப்படிச் செய்யாவிட்டால் மாதக் கடைசியில் 'ரெக்கார்டிங் 47' யாருடையது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒரு சுற்றைக் கேட்க அரைமணி நேரம் ஆகும். எல்லாவற்றையும் திருத்த முயலாதீர்கள். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு கூறு, இந்த முறை ழகர ளகரம், அடுத்த முறை வாக்கியத்தை முடிப்பது. கடலோர வட்டாரச் சொல்லுக்கு மதிப்பெண் குறைக்கவே கூடாது. அப்பா, அம்மாவிடம் பேசும் மொழியைப் பிழை என்று கேட்ட பிள்ளை அடுத்த சுற்றில் வாய் திறக்காது.

கூச்சப்படும் பிள்ளைக்கு அறுபது பேர் முன்னால் நிற்பதைவிடச் சுவரோரம் நான்கு நண்பர்களோடு பேசுவது எளிது. பதிவுகளை எந்த வாட்ஸ்ஆப் குழுவிலும் போடாதீர்கள். பருவம் முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

திரையும் எழுத்துருவும்

ஸ்மார்ட் டிவியோ புரொஜெக்டரோ இருந்தால், ஸ்லைடில் ஆறு வரிக்கு மேல் வேண்டாம், எழுத்து 36 புள்ளிக்குக் குறைய வேண்டாம். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து 'ள்' மேலுள்ள புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். வீட்டில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது பள்ளிக் கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், அந்த எழுத்துரு அங்கே இல்லை என்று பொருள். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். விண்டோஸில் லதாவோ நிர்மலாவோ என்ற யூனிகோடு எழுத்துரு இருக்கும். அதையும் பிடிஎஃப் ஆக்கியே எடுத்துச் செல்லுங்கள். பாடநூலின் கியூஆர் குறியீட்டில் வரும் வீடியோவைத் தீக்ஷா செயலியில் முந்தின இரவே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

போனின் தமிழ்க் குரல்தட்டச்சு பிழை செய்யும். ஒற்று மிகும் இடத்தில் விட்டுவிடும், லகர ளகரத்தை மாற்றும். அதைத் திரையில் அப்படியே காட்டி வகுப்பைத் திருத்தச் சொல்வது அருமையான இலக்கணப் பயிற்சி. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் வினாத்தாள் கேட்டால் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்த பிறகே பயன்படுத்துங்கள். வெண்பாவுக்கு அலகிடச் சொன்னால் தவறான வாய்பாட்டையும் உறுதியோடு சொல்லும்.

வீட்டுக்கு அனுப்புவதும் உப்புக்காற்றும்

பல வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். விசைப்படகு தொழிலுக்குப் போகும் நாளையும் கரையில் நிற்கும் நாளையும் பிள்ளைகளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, கரை நாளின் மாலையில் ஒரு நிமிட ஒலிப்பதிவை அனுப்புங்கள். மறுநாளே விடை வேண்டும் என்று கேட்காமல் மூன்று நாள் தவணை கொடுங்கள். போனே இல்லாத பிள்ளைக்கு அதே துண்டை மதிய இடைவேளையில் ஸ்பீக்கரில் போட்டுவிடுங்கள்.

கருவிகளை அதிகம் கெடுப்பது உப்புக்காற்றுதான். திரையோடு இணைக்கும் ஹெச்டிஎம்ஐ கேபிளின் பின்னில் பச்சை பூத்தால் படம் விட்டுவிட்டு வரும், பிறகு வராது. பின்னை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே செருகுங்கள். துளைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். ஸ்பீக்கர், மைக், கேபிள் மூன்றையும் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை என்றால் நீலம் இளஞ்சிவப்பானதும் பொட்டலத்தை மாற்றுங்கள். அரிசியில் போட்டு வைப்பது வேண்டாம், அதன் தூள் துளைக்குள் இறங்கும். புரொஜெக்டர் வடிகட்டியை மாதம் ஒரு முறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள், மணல்தூசு அடைத்தால் சூடேறி அணைந்துவிடும். கோடை விடுமுறைக்கு முன் ஸ்பீக்கரின் பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டு அணைத்து வையுங்கள். முழுவதும் தீர்ந்த நிலையில் இரண்டு மாதம் கிடந்தால் ஜூன் மாதத்தில் அது சார்ஜ் ஏறாமல் போகலாம்.