காரில் எல்இடி விளக்கு பொருத்தி, மங்கலாக்குவது எப்படி

இழை பல்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்தால் அது படிப்படியாக மங்கும். எல்இடி அப்படி மங்காது. 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பில் (பட்டையில்) வழக்கமாக மூன்று வெள்ளை எல்இடிகள் தொடராக இருக்கும், ஒன்றுக்கு 3.2 வோல்ட் என்றால் மொத்தம் 9.6. அதற்குக் கீழே கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் சட்டென்று போய்விடும். டேஷ்போர்டில் பழைய ரியோஸ்டாட் (குமிழைத் திருகி மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்) இருந்தால் வேறு தொல்லை: எல்இடி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் குமிழைத் திருகியும் பெரிதாக மாற்றம் தெரியாது.

முதலில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் (மின்தடை), மூன்று எல்இடித் தொடர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எஞ்சின் ஓடும்போது வரும் 14.4 வோல்ட்டை வைத்துக் கணக்கிடுங்கள்: (14.4 − 9.6) ÷ 0.02 ஆம்பியர் = 240 ஓம். பேட்டரியின் 12.6 வோல்ட்டை வைத்து 150 ஓம் போட்டால், வண்டி ஓடும்போது 32 மில்லி ஆம்பியர் பாயும். 20 மில்லி ஆம்பியர் எல்இடி சீக்கிரமே கருகும்.

மங்கலாக்க, மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுத் தரும் பிடபிள்யூஎம் முறைதான் சரி. அதற்கு மின்னணு சுவிட்சாக ஒரு மாஸ்ஃபெட் வேண்டும்; டிரெயின், சோர்ஸ், கேட் என்று அதற்கு மூன்று கால்கள். ஸ்ட்ரிப்பின் பிளஸ்ஸை 1 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 12 வோல்ட்டுக்கும், மைனஸை லாஜிக் லெவல் (கன்ட்ரோலரின் குறைந்த வோல்டேஜிலேயே முழுதாகத் திறக்கும்) என்-சேனல் மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கும், சோர்ஸை பாடி எர்த்துக்கும் கொடுங்கள். கேட் காலுக்கு 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக, துடிப்பைத் தரும் கன்ட்ரோலரின் சிக்னல். கேட் காலுக்கும் சோர்ஸுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். இதை விட்டுவிட்டால் கன்ட்ரோலர் அணைந்திருக்கும்போது விளக்கு தன்பாட்டுக்கு எரியலாம். காரில் வோல்டேஜ் எகிறல் சகஜம்; 55 வோல்ட்டாவது தாங்கும் மாஸ்ஃபெட் வேண்டும்.

துடிப்பின் அதிர்வெண் 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 முறை) வைக்கலாம். 100 ஹெர்ட்ஸில் கண்ணைச் சட்டென்று திருப்பினால் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். பாதி வெளிச்சமாகத் தோன்ற, ஒவ்வொரு துடிப்பிலும் 50% நேரம் அல்ல, சுமார் 20% நேரம் எரிந்தால் போதும்.

இண்டிகேட்டரில் 21 வாட் பல்புக்குப் பதில் எல்இடி போட்டால், பல்பு போய்விட்டதென்று எண்ணி ஃபிளாஷர் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் ரிலே) படபடவென அடிக்கும். 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை எல்இடிக்கு இணையாகப் போடலாம். ஆனால் எரியும் நேரத்தில் அது 30 வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்கும். பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் உலோகத் தகட்டில் திருகுங்கள். மின்சாரம் மிச்சமாகும் என்று எல்இடி போட்டுவிட்டு இப்படிச் சூடாக்குவது வேடிக்கைதான். எல்இடிக்கென்றே உள்ள ஃபிளாஷர் ரிலே பொருந்தும் வண்டியில் அதுவே மேல்.

கதவை மூடியும் உள்விளக்கு இலேசாக மினுங்கினால் அது கசிவு மின்னோட்டம். விளக்குக்கு இணையாக 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். உள்விளக்கை வண்டியே பிடபிள்யூஎம் முறையில் மெல்ல அணைக்கிறது என்றால் அந்த வயரில் இன்னொரு டிம்மர் சேர்க்காதீர்கள். இரண்டு துடிப்புகளும் மோதி விளக்கு துடிக்கும்.