காமன் ரெயில் டீசல் இன்ஜெக்டரை அரிக்க விடும் தவறுகள்

காலையில் நீளமாகச் செல்ஃப் அடித்தால்தான் வண்டி பிடிக்கிறது, பேட்டரியும் நன்றாக இருக்கிறது என்றால் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் இருக்கும் கன்ட்ரோல் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். சோலினாய்டு (மின்காந்தத்தால் இயங்கும்) வகை இன்ஜெக்டர்கள் பலவற்றில் ஒரு சின்ன உருண்டையும் அது உட்காரும் சீட்டும்தான் அந்த வால்வு. எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாய்தான் காமன் ரெயில்; அதில் அழுத்தம் 1,600 முதல் 2,000 பார் வரை போகும். உருண்டை எழும்பும்போது மயிரிழைச் சந்தில் டீசல் பீறிட்டு ஓடும். அதில் 5 மைக்ரான் தூசி இருந்தால் போதும், சீட்டை அரித்துவிடும். அழுத்தம் சட்டென்று விழும் இடத்தில் ஆவிக்குமிழிகள் உண்டாகி உலோகத்தின் மேலேயே உடைவதாலும் குழி விழும். சீட்டில் ஒரு கோடு விழுந்தால் டீசல் ரிட்டர்னில், அதாவது டேங்குக்குத் திரும்பும் குழாயில், ஓடிவிடும். ஸ்டார்ட் ஆகத் தேவையான 200, 300 பார் அழுத்தம் ரெயிலில் சேராது.

இந்தத் தூசி பல நேரம் பங்க்கிலிருந்து வருவதில்லை, நம் கையிலிருந்தே வருகிறது. பெரிய தவறு, புது ஸ்பின்-ஆன் ஃபில்டரின் நடுத்துளையில் டீசல் ஊற்றி நிரப்பி மாட்டுவது. சுற்றியுள்ள சிறு துளைகள்தான் டீசல் உள்ளே போகும் வழி. நடுத்துளை வடிகட்டிய டீசல் வெளியே வரும் வழி. அதில் ஊற்றிய டீசல் காகிதத்தைத் தொடாமலே நேராகப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போய்விடும். ஃபில்டரைக் காலியாகவே மாட்டி, பிரைமிங் பம்ப்பை அது கெட்டியாகும்வரை அழுத்துங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் அதுதான் சரி.

பைப்பைக் கழற்றும் முன் நட்டைச் சுற்றிக் கழுவிக் காய வையுங்கள். கழற்றியதும் இரு முனைக்கும் மூடி போடுங்கள். பனியன் வேஸ்ட்டால் துடைக்காதீர்கள், அதன் நூலே குப்பை.

இன்ஜெக்டர் நுனியில் அடைத்த நாசில் துளையில் கம்பி விடுவதும் கூடாது. துளையே 0.1 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். கம்பி பட்டால் ஸ்ப்ரே கோணி, பிஸ்டன் தலை உருகும் அளவுக்குப் போகலாம். கிளீனர் திரவம் படிந்த கரியைக் கரைக்கும், அரித்துப்போன உலோகத்தைத் திருப்பித் தராது. பழைய செம்பு வாஷரை மீண்டும் போட்டால் சிலிண்டரில் எரிந்த வாயு கசிந்து, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கரி இறுகிவிடும்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பைப் நட்டைத் தளர்த்துவது பழைய வண்டிப் பழக்கம். காமன் ரெயிலில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், வலியும் குறைவாக இருக்கலாம். அப்படியே விட்டால் விரலையோ கையையோ எடுக்க நேரிடும். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைத் தேடும்போதும் கையை நீட்டாமல் அட்டையைப் பிடியுங்கள்.

சந்தேகம் வந்தால் ரிட்டர்ன் டெஸ்ட் போதும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் ஒரே அளவுள்ள தனித்தனிக் குப்பியில் விட்டு, ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல்) ஓட்டி, மட்டத்தை ஒப்பிடுங்கள். மற்றவற்றைவிட மிக அதிகமாக நிரம்பும் குப்பிக்குரியதே தேய்ந்த இன்ஜெக்டர். எவ்வளவு வரலாம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதற்கு மேனுவலைப் பாருங்கள்.

மாற்றுவதாக முடிவானால், புது இன்ஜெக்டரின் மேல் அச்சிட்ட குறியீட்டை (code) இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவில் ஏற்ற வேண்டும். விட்டால் டீசல் அளவு பிசகி ஐடிலில் குலுங்கும். அதற்கும் முன்னால் பழைய ஃபில்டரை அறுத்து, காகித மடிப்பை விரித்துப் பாருங்கள். செம்பழுப்புத் துரு இருந்தால் டேங்கைக் கழுவ வேண்டும். வெள்ளி போல மினுங்கும் பொடி இருந்தால், தேயும் ஹை பிரஷர் பம்பின் உலோகம் ரிட்டர்ன் வழியாக டேங்குக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. அப்போது பம்ப், ரெயில், பைப், டேங்க் எல்லாவற்றையும் பார்க்காமல் புது இன்ஜெக்டரை மாட்டக்கூடாது.