திஸ்கியில் இருந்த மொய்க் கணக்கு

அப்பச்சி காரைக்குடி வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் தட்டிவைத்த மொய்க் கணக்கை லினக்ஸ் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், கோப்பைத் திறந்து காட்டும் கேட் (cat) கட்டளை போட்டுப் பார்த்தேன், வரிக்கு வரி கட்டத்துக்குள் கேள்விக்குறிதான். கோப்பே போச்சு என்று ஆத்தா கலங்கிவிட்டார். போகவில்லை. கேட் எதையும் மாற்றாது, உள்ளே இருக்கும் பைட்டுகளை அப்படியே கொட்டும், டெர்மினல்தான் அதை இன்றைய பொதுக் குறியேற்றமான (எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் முறை) யூடிஎஃப்-8 என்று நினைத்துப் படிக்கிறது. அந்தக் காலத்துத் தமிழ்க் குறியேற்றம் திஸ்கி (TSCII) என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. சரி என்று, குறியேற்றம் மாற்றும் ஐகான்வ் (iconv) கட்டளையில் மூலம் திஸ்கி, இலக்கு யூடிஎஃப்-8 எனக் கொடுத்து, வந்ததைப் பைப் (|) வழியாக, பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்ஸுக்கு (less) அனுப்பினேன். திஸ்கியில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னாலேயே பதிவாகியிருக்கும், அதையும் ஐகான்வ் யூடிஎஃப்-8க்கு ஏற்றபடி எழுத்துக்குப் பின்னால் மாற்றிவிட்டது, அருமையான வேலை! முதல் வரியிலேயே 'தேவகோட்டை பெரியப்பச்சி, ரூ.101'. ஆத்தா அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.