பொறியியல் கலந்தாய்வு: விருப்பப் பட்டியலை எப்படி அடுக்குவது?

பதிவு செய்வது, கட்டணம் கட்டுவது எல்லாம் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். பெற்றோர் பக்கத்தில் உட்கார வேண்டியது சான்றிதழ்களுக்கும், வேண்டிய கல்லூரி, பாடங்களை வரிசைப்படுத்தும் விருப்பப் பட்டியலுக்கும்தான்.

1. கட்-ஆஃப்: கணித மதிப்பெண் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதியாக, மொத்தம் 200. கணிதம் 82, இயற்பியல் 76, வேதியியல் 80 என்றால் 82+38+40=160.

2. சான்றிதழ்கள்: ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவையில் போட்டுவிடுங்கள். குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கும் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான முதல் பட்டதாரிச் சான்றுக்கு அப்பா, அம்மா படிப்பு மட்டும் போதாது. இரு பக்கத்து ஐயா, அப்பத்தா, ஆயா, உடன்பிறந்தோர் விவரமும் கேட்பார்கள். அக்கா டிகிரி முடித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. வெளிமாநிலத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள் நம் காரைக்குடிப் பக்கம் நிறைய. 8 முதல் 12 வரை ஒரு வகுப்பை வெளியே படித்திருந்தாலும் இருப்பிடச் சான்று வேண்டும்.

3. பட்டியல்: சறுக்குவது இங்கேதான். "நம்ம மார்க்குக்கு இது உறுதியாகக் கிடைக்கும்" என்று ஒரு கல்லூரியை முதலிடத்தில் போடுகிறார்கள். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து படித்து, உங்கள் முறை வரும்போது இடம் இருக்கிற முதல் விருப்பத்தைக் கொடுத்துவிடும். அதற்குக் கீழே இருப்பதைப் பார்க்காது. 160 எடுத்த பிள்ளை, கடந்த ஆண்டு 166-இலேயே இடங்கள் முடிந்த கல்லூரியை மேலே போட்டால் நஷ்டம் ஏதும் இல்லை. கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு இறங்கும், அவ்வளவுதான். ஆகவே ஆசைப்படும் வரிசையே பட்டியல் வரிசை. கல்லூரிகள் முடிந்த மதிப்பெண்ணை வைத்து வரிசை போடாதீர்கள்.

கடந்த ஆண்டு உங்கள் சாதிப் பிரிவுக்கு எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்று பார்த்து, உங்கள் மதிப்பெண்ணுக்குக் கீழே முடிந்தவற்றையும் தாராளமாகச் சேருங்கள். பத்து விருப்பத்தோடு நிறுத்தினால் அந்தச் சுற்றில் ஒன்றுமே வராமல் போகலாம். முதலில் நோட்டில் கல்லூரிக் குறியீட்டு எண்ணோடு எழுதி, பிறகு கணினியில் ஏற்றுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் கல்லூரிகள் உண்டு; செல்போனின் சின்னத் திரையில் மாறிப்போகும்.

காரைக்குடிக்காரர்கள் அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியை மறக்க மாட்டார்கள். இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியில் பி.டெக். இருப்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. வேதி, மின்வேதிப் பொறியியல் படிப்பு அது. பேட்டரி, உலோக அரிமானம் பிடித்த பிள்ளைக்கு அதை மேலே வைக்கலாம்.

4. ஒதுக்கீடு வந்த பிறகு: "ஏற்றுக்கொண்டு, பட்டியலில் மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன்" என்று சொன்னால், மேலே உள்ளது கிடைத்த கணமே கையில் இருப்பது போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. சேர மனமில்லாத கல்லூரி மேலே இருக்கவே கூடாது என்பது இதனால்தான்.

பின்சேர்க்கை: ஒரே கல்லூரியில் ஒரே பாடம் இரண்டு முறை வருகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். 'எஸ்.எஸ்.' என்று இருப்பது சுயநிதிப் பிரிவு. அரசு உதவிபெறும் கல்லூரியானாலும் அதற்குக் கட்டணம் கூடுதல். இரண்டையும் போடுங்கள், எஸ்.எஸ். இல்லாததை மேலே வைத்து.